எந்த அத்தை மகன்?

இன்று காலை ஒரு துக்க வீட்டிலிருந்து ஃப்ரீசர் பெட்டி கடைக்குத் திரும்பி வந்தது. மூடியைத் திறந்ததும் வாடிய ரோஜாவும் சென்ட்டும் கலந்த அந்த வாடை. பந்தல், நாற்காலி, பெட்டி எல்லாம் வாடகைக்கு விடுகிறவனுக்கு அது பழகிய வாடைதான். ஆனால் போன வருஷம் உன்னை அந்தப் பெட்டியில் கிடத்தியதிலிருந்து, அது மூக்கில் ஏறினாலே எரிச்சல் வருகிறது. அழுகை இல்லை, எரிச்சல். உன் தம்பி மேல், உன் மேல், எல்லாவற்றையும்விட என் மேல்.

நீயும் செல்வினும் சேர்ந்து குடியிருக்கத் தச்சநல்லூரில் வீடு தேடி அலைந்தோமே, நினைவிருக்கிறதா? நீ கோர்ட்டில் குமாஸ்தா, அவன் மிக்சி பழுது பார்க்கிறவன். கல்யாணமாகாத இரண்டு ஆண்களுக்கு வீடு இல்லை என்று நாலு இடத்தில் சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டில் நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "இவன் அவனோட அத்த மவன் அண்ணாச்சி. ஒண்ணா வளந்த பிள்ளைய." சாவி கைக்கு வந்துவிட்டது. தெருவுக்கு வந்ததும் நீ என் முதுகில் ஓங்கி அடித்தாய். "ஏலே, ஒரு நிமிஷத்துல எனக்கு ஒரு அத்தையப் பெத்துக் குடுத்துட்டியே!"

அன்று எனக்கு எவ்வளவு பெருமை! யாவாரத்தில் காரியம்தானே முக்கியம். அந்த அத்தை இருபது வருஷத்துக்கு மேல் உங்கள் இருவரையும் காப்பாற்றினாள். வீட்டுக்காரர், பால்காரர், சர்ச் ஐயர் எல்லோரும் அவளை நம்பினார்கள். ஆண்கள் இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்த அன்று, நீ பேப்பரை மடக்கிக்கொண்டு கடைக்கு வந்தாய்.

"இனிமே அந்த அத்தைய அனுப்பி வச்சிரலாமாலே?"

"தீர்ப்பு டெல்லியிலதான வந்திருக்கு. தச்சநல்லூருக்கு வரட்டும், பைய பாப்போம்" என்றேன். நீ சிரித்தாய். அப்போதாவது என்னைத் திட்டியிருக்கலாம் நீ. உன் வீட்டாரிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் சிரித்தே காலத்தை ஓட்டினாய்.

நீ போன அன்று திசையன்விளையிலிருந்து உன் சொந்தங்கள் வந்து இறங்கின. அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன், வழக்கம்போல் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்று போட்டோ எடுக்கும் நேரம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் உன் காலடியில் கிடந்த செல்வின் உன் தலைமாட்டில் நின்றான். உன் தம்பி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"குடும்பத்து ஆளுக மட்டும் நில்லுங்க. நீரு யாரு வே?"

செல்வின் என்னைப் பார்த்தான். எனக்கு வாயில் வந்தது பழைய சரக்குதான். "அத்த மவன்."

"எங்க அப்பா கூடப் பொறந்தது அஞ்சும் ஆம்பள. இது எந்த அத்த பெத்த மவன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பந்தல் என்னுடையது, பெட்டி என்னுடையது, அந்தத் தெருவில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பும் உண்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டோக்காரருக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிற தொழில் பழக்கத்தில், செல்வின் தோளைப் பிடித்து, "கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றேன். முரண்டு பிடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நகர்ந்து, செருப்புகள் கிடந்த ஓரத்தில் போய் நின்றுகொண்டான்.

போன வாரம் உன் தம்பி போன் போட்டான். முதல் வருஷ ஜெபமாம், அறுபது நாற்காலி வேண்டுமாம். குடும்பத்துக்கு முன்வரிசையில் துணி போட்ட நாற்காலியாம்.

"செல்வினுக்கும் அதுல ஒண்ணு போடுதேன்" என்றேன்.

"அந்த அத்த மவனுக்கா?" என்று நக்கலாகக் கேட்டான்.

"அத்தையும் இல்ல, மவனும் இல்ல தம்பி. அது நான் சொன்ன பொய். ஒங்க அண்ணனுக்கு அவன்தான் குடும்பம். புருசன் பொஞ்சாதி எப்படி இருப்பாவளோ அப்படி இருந்தாங்க."

"வயசான காலத்துல பேசுத பேச்சா இது? நாங்க வேற கடையில சொல்லிக்கிடுதோம்" என்று வைத்துவிட்டான்.

செல்வின் கடைக்குப் போய், நடந்ததை அப்படியே சொன்னேன். அவனை மறுபடியும் சந்தியில் நிறுத்திவிட்டேனே என்று கோபப்படுவான், நாலு வார்த்தை கேட்பான் என்றுதான் போனேன். கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"என்ன சொன்னிய அண்ணாச்சி?"

சொன்னேன்.

"அவன்கிட்ட என்ன வார்த்த சொன்னியளோ, அதையே சொல்லுங்க."

"ஒங்க அண்ணனுக்கு அவன்தான் குடும்பம்னு சொன்னேன்."

கடை வாசலில் பழுதுக்குக் கொடுத்த மிக்சியைத் திரும்ப வாங்க வந்த ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

அந்த அம்மாளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சின்ன வாக்கியத்தை இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்த வாயோடுதான் இனி நான் நடமாட வேண்டும்.