மூன்றாவது ஜும்ஆ

தலவாக்கலை
12.11.1958

அன்பு மகன் சாலிஹீனுக்கு உம்மாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், தங்கச்சி அசீசாவின் இருமல்கூட விட்டுவிட்டது, மதறாஸில் உன் உடம்பையும் ஓதலையும் அவன் காப்பாற்றட்டும். உன் போன கடிதம் வீட்டைக் கலக்கிவிட்டது மகன். உள்ளது அல்லாஹ் ஒருவன் மட்டுமே, மற்றதெல்லாம் இல்லாததே என்று நம் பள்ளிவாசலில் தொழ வைக்கும் காசிம் லெப்பை சொல்வது வழிகேடு, அவர் பின்னால் தொழாதீர்கள் என்று எழுதினாயே, வாப்பா அன்றோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திக் கடை மூலையில் தனியாகத் தொழுதார். இரண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை போயிற்று. மூன்றைத் தொடர்ந்து விட்டவன் கல்பில், நெஞ்சில் முத்திரை விழும் என்று நீதானே ஓதிக்காட்டினாய், எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மண் சரிந்து பாதை அடைபட்டு, கண்டிக்குப் போகும் வழியில் வந்த, மார்க்கம் படித்த மஹ்மூது ஆலிம் வியாழக்கிழமை நம் வீட்டில் தங்கினார். அவரும் உன் கட்சிதான். தீர்ப்புக் கேட்கலாம் என்று வாப்பா லெப்பையையும் கூப்பிட்டார். பின்னேரம் அஸர் தொழுகை முதல் இரண்டு பேரும் பேசினார்கள், நானும் அசீசாவும் திரைக்குள்ளே இருந்து கேட்டோம். அவனுடைய இருப்புத்தான் இருப்பு, நமக்கு இருக்கிறதெல்லாம் அவன் தந்த இரவல்ங்க என்றார் லெப்பை. இரவல் வாங்கினவன் வேறு கொடுத்தவன் வேறுதானே, அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டால் யார் யாருக்கு நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்வது என்று ஆலிம் கேட்டார். சுஜூதில கிடக்கையில எனக்கு என்னையே ஞாபகம் இல்லைங்க, அதைத்தான் சொல்லத் தெரியாம சொல்றேன் என்று லெப்பை அழுதுவிட்டார். ஆலிமும் அழுதார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒருவன் ஒருவன் என்று சொல்லி வந்திருக்கிறேன், அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவு ஆழம் கிடப்பதை அறியாமல் போனேனே மகன்.

பொழுது சாய்ந்து மஃரிபு நேரமானதும் வாப்பா ஆலிமை முன்னின்று தொழ வைக்கச் சொன்னார். அவரோ லெப்பையின் கையைப் பிடித்து, நீங்க முன்னுக்கு நில்லுங்க என்று சொல்லிப் பின்னால் நின்றார். வாப்பா திகைத்துப்போய் அப்படியானால் இவ்வளவும் பேசினது என்ன என்று கேட்டார். அவர் சொல்லுல எனக்குச் சம்மதமில்லை, இப்பவும் இல்லை, ஆனா அவர் தக்பீர் சொல்லிக் கை கட்டுறது யாருக்குங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை என்றார் ஆலிம். வாப்பா ஆலிம் பக்கத்தில் போய் நின்றார். மறுநாள் மூன்றாவது ஜும்ஆவுக்கு அத்தர் பூசிக்கொண்டு எல்லோருக்கும் முந்திப் பள்ளிக்குப் போனார்.

நீ படித்தது பிழை என்று நான் சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல எனக்கு ஏது ஓதல். நீ கற்ற இல்மில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, உன் ஹயாத்தை நீளமாக்குவானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இந்தப் பேச்செல்லாம் உன் கடிதத்தால் வந்தது என்று காசிம் லெப்பைக்குத் தெரியாது. உன் கடிதம் வரும்போதெல்லாம், மகன் எனக்கு சலாம் எழுதினானா என்று கேட்கிறார். எழுதினான் என்று இதுவரை நாலு தடவை பொய் சொல்லிவிட்டேன், ஐந்தாவது தடவை என்னைப் பொய் சொல்ல வைக்காதே மகன்.

இப்படிக்கு,
உனக்காகக் கையேந்தும் உம்மா
உம்மு குல்சும்