பொன்னுருக்குக்கு வந்த மோதிரம்

ஞாயிறு, 9 மார்ச்

வயலில் உலோகம் தேடும் டிடெக்டர் காட்டிக்கொடுத்த தங்க மோதிரத்தை அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்து, பல் குத்தும் குச்சியால் மண் கிண்டினார். உட்பக்கம் பிரெஞ்சில் எழுதியிருந்ததை வாசித்தேன்: "லூசிக்கு, என்றும் உன்னுடன், ரெனே."

"ஆற்றையோ கலியாண மோதிரம், அப்பா. மெரியிலை, நகரசபைக் கந்தோரிலை குடுக்கோணும்."

"மண்ணுக்குள்ளை கிடந்தது ஆருக்குச் சொந்தம்? உருக்கினால் பேர் போயிடும்."

புதன்கிழமை அண்ணாவின் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. தாலி இதில்தானாம். அண்ணா சிரித்தான்: "படிச்சவ வாசிக்காமல் விட்டிருக்கலாம்."

மேசையில் சிந்திய மண்ணை நானே துடைத்து எறிந்தேன்.

மாலையில் அண்ணியாக வரப்போகிறவள் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் சேலை எடுத்துவிட்டு ஃபோன் பண்ணினாள். "தாலிக்குப் பொன் எடுத்தாச்சோ?"

"ஓம், நல்ல பொன்" என்றேன்.

இரண்டு தரம் பல் தீட்டிவிட்டேன். அந்தச் சொல் இன்னும் வாயில் நாறுகிறது.