மெசாரியின் பாடையை மறித்தவனுக்கு

வெண்கோட்டு நாட்டை ஆளும் பெருந்தேவி இளவெயினியார் கோங்கூர் அரண்மனையிலிருந்து விடுக்கும் திருமுகம். ஆழித்துறைப் பட்டினத்தில் இம்மண்ணில் பிறந்தாரும் கடல் கடந்து வந்த தாரூனரும் நலமே வாழ்க. பட்டினக் காவலன் விண்ணங்கீரன் காண்க. உன் பட்டங்களை எழுத ஓலைநாயகம் எழுத்தாணி எடுத்தான், வேண்டாவென்று தடுத்தோம்.

நேற்று முற்பகல் உப்பு வணிகத்தி சேந்தன் நக்கை நம் அவைக்கு வந்தாள். முறிந்த வலக்கையை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தாள். நான்கு நாள் நடந்து கால்கள் வீங்கியிருந்தும், இருக்கை அளித்தபோது அமர மறுத்தாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஆழித்துறையில் அம்மை பரவியபோது, நிறமும் மொழியும் வேறான தாரூனரே அதைக் கொணர்ந்தாரென்று ஊரார் அவர்கள் தெருவை முள்ளிட்டு அடைத்தனர். அம்முள்ளை விலக்கிக் கஞ்சிப் பானையோடு உள்ளே சென்றவள் நக்கை ஒருத்தியே. பின்னர் அவள் தெருவிலும் நோய் புகுந்தது. தாரூன மருத்துவன் மெசாரி அங்கு வந்தான்; அவள் வீட்டார் கதவடைத்தும் வாசலிலேயே அமர்ந்து, சாளரத்தின் வழியே மருந்து நீட்டி அவள் தம்பியர் இருவரையும் பிழைப்பித்தான். அதன்பின் நக்கையும் மெசாரியுமாக, இரு குலத்தாரும் கூடி வழக்குத் தீர்க்கும் அவையொன்றைத் தொடங்கினர். முதற்கூட்டத்திற்கு வந்தவர் மூவர். நான்காம் கூட்டத்தில் கல் விழுந்தது. ஐந்தாவதையும் கூட்டினர். இன்று அவ்வவையில் இடம் போதாமல் மக்கள் வெளியே நிற்கின்றனர். உன் வாளால் வராத அமைதி அது.

அம்மெசாரி இறந்தான். இரு குலத்தாரும் தோள் கொடுத்துத் தூக்கிய பாடையை, வேற்று நிறத்தான் பிணம் அரச வீதியில் போகலாகாதென்று நீ மறித்தாய். நக்கை வீதியில் அமர்ந்தாள். உன் காவலர் தடியால் அடித்தனர். அவள் உன்னை நோக்கிக் கேட்டதை அவள் சொன்னபடியே எழுதுவித்தோம்: "தூக்குற தோளுக்கே நிறம் தெரியலையே ஐயா, தூரத்துல நிக்கிற உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இதற்கு விடையாகத் தடியை ஓங்கச் சொன்ன நீ, வீதி யாருடையதென்று எண்ணினாய்? அவ்வீதி நம்முடையது. அதில் யார் போகலாம் என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் தந்தது? அப்பட்டினத்தில் நம் பெயரால் நின்றுகொண்டு நம் முகத்தில் கரி பூசினாய்.

மெசாரியின் உடல் நக்கையின் உப்பளத்தில் உப்பிட்டுக் காக்கப்படுகிறது. அடக்கம் செய்ய அவள் நம் சொல்லுக்குக் காத்திருக்கிறாள்.

ஆகவே ஆணை. இத்திருமுகம் கண்ட நாளே காவற்பொறுப்பைத் துறப்பாய். தடி எடுத்த காவலரைக் கட்டி இங்கு அனுப்புவாய். மறுநாள் உச்சிப்பொழுதில் அப்பாடை அரச வீதியின் நடுவே, முரசு முன்செல்லப் போகும். ஊரார் அனைவரும் காண்பர். நக்கையின் கை முறிந்திருப்பதால், அவள் ஏந்தவிருந்த முன்தண்டைத் தலைப்பாகை களைந்து நீ தோளில் ஏந்துவாய்.

கயல் பொறித்த அரக்கு முத்திரை இட்டோம். மறுமொழி வேண்டா, நட.