இரண்டு வரிசை ஊதாப் பூக்கள்

ஜனவரி 11

அம்மா வேலைக்குப் போனபின் என்னை வீட்டில் தனியாக விட்டால் கூரை மிஞ்சாதாம். அதனால் பள்ளி விட்டதும் அக்கா கல்லூரியில் செடி ஆராய்ச்சி செய்யும் கண்ணாடிக் கூடத்தில் அடைப்பு. வெளியே எல்லாம் தெரிகிறது, போகத்தான் முடியாது. மீன்தொட்டி மீன் நான். நீந்தவும் தெரியாத மீன்.

அக்கா பட்டாணிச் செடி வளர்க்கிறாள். முதல் வரிசை, தலைமுறை தலைமுறையாக ஊதாப் பூ மட்டுமே பூத்த தூய வம்சம். இரண்டாவது, ஊதாவுக்கும் வெள்ளைக்கும் பிறந்த கலப்பு. ஆனால் அதுவும் ஊதாவாகத்தான் பூத்து நிற்கிறது! அருகருகே வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா போன் பேச வெளியே போன நேரம், இரண்டு வரிசைப் பெயர் அட்டைகளையும் இடம் மாற்றிச் செருகிவிட்டேன். எப்போது கண்டுபிடிக்கிறாள், பார்ப்போம்.

ஜனவரி 12

கண்டுபிடிக்கவில்லை. “இன்னிக்கு என்னடி இவ்ளோ சமத்தா இருக்கே?” என்றாள். சிரிப்பை அடக்கியதில் விக்கல்.

பிப்ரவரி 20

காய் முற்றிவிட்டது. அட்டையைப் பார்த்துப் பார்த்து விதைகளை உறையில் போட்டாள். நடுவில் பரீட்சை வந்ததில் எனக்கே மறந்து போயிருந்தது. சொல்லலாமா? நாளைக்கு.

மார்ச் 6

விதைத்தாகிவிட்டது. நான் சொன்ன ‘நாளைக்கு’ வந்து பதினாலு நாள் ஆகிவிட்டது.

இன்று அக்காவே விளக்கினாள். கலப்புச் செடிக்குள் வெள்ளை ஒளிந்திருக்குமாம். கூட ஊதா இருக்கும்வரை தலைகாட்டாதாம். அதன் பிள்ளைகளில் நாலில் ஒன்று, இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளையையே வாங்கிக்கொண்டு, வெள்ளையாகப் பூக்குமாம். தூய வம்சத்தில் ஒன்றுகூட வராது. “இது மட்டும் சரியா வந்துட்டா, மேல்படிப்புக்குத் துறைத்தலைவர் பரிந்துரைக் கடிதம் தர்றேன்னிருக்கார்டி.”

துறைத்தலைவருக்கு நான் வைத்த பெயர் துரை.

இப்போது நானும் கலப்புதான்: வெளியே சிரிப்பு, உள்ளே—

ஏப்ரல் 22

பூத்துவிட்டது. ‘கலப்பு’ என்று எழுதிய தட்டுகளில் எண்பதும் ஊதா. ‘தூய’ என்று எழுதிய தட்டுகளில், எண்பதில் இருபத்தொன்று வெள்ளை.

துரை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “அட்டைய மாத்திப் போட்டிருக்கீங்கம்மா. இவ்ளோ கவனக்குறைவா இருந்தா நான் என்னன்னு எழுதிக் கொடுக்கறது?”

அக்கா “சாரி சார்” என்றாள். அவ ஏன் சாரி சொல்லணும்?

ஏப்ரல் 23

சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கூடத்துக்குக் கதவே இல்லாத மாதிரி இருக்கு.

ஏப்ரல் 24

அக்கா நோட்டுகளைத் தரையில் பரப்பி, என்றைக்குக் குழப்பினோம் என்று தேடிக்கொண்டிருந்தாள். “ஒண்ணுமே ஞாபகம் இல்லையேடி. என் மூளை மழுங்கிடுச்சா?”

சொல்லிட்டேன். நான்தான் மாத்தினேன்னு.

சிரித்தாள். “என்னைக் காப்பாத்தறியா? போடி வாலு.”

மூணு மாசமா பொய்ய நம்பினவ, உண்மைய நம்ப மாட்டேங்கறா! தேதி சொன்னேன். அன்றைக்குப் போன் வந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அடிச்சிருக்கலாம். அடிக்கலை.

ஏப்ரல் 25

துரையிடம் நானே போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “யார் மாத்தினாலும் செடி அவங்க பொறுப்புதானே? முதல்லேர்ந்து விதைக்கட்டும். கடிதம் அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார்.

நான் விளையாடியது அரை நிமிஷம். அக்காவுக்கு ஒரு வருஷம்.

மே 14

அக்கா என்னோடு பேசி இருபது நாள். அம்மா இப்போது என்னை அங்கே போகச் சொல்வதில்லை. தினமும் போகிறேன். மண் சலிக்கிறேன், தட்டு கழுவுகிறேன். புது விதைகள் முளைவிட்டிருக்கின்றன.

இன்று முதுகைத் திருப்பியபடியே சொன்னாள்: “மூணாவது தட்டு காஞ்சு கிடக்கு. தண்ணி ஊத்து.”

ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல்.