நீ கட்டம் மட்டும் போட்டுவிட்டுப் போன பக்கம்

கொப்பியைத் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்தப் பெட்டியின் அளவு.

நாங்கள் இரண்டு பேரும் செய்த படக்கதையில், "சில மாதங்களின் பின்" என்று நான் எழுதுவதற்கான பெட்டியை நீ எப்போதும் தீப்பெட்டி அளவில்தான் கீறுவாய். பக்கத்தின் மேல் மூலையில், எழுத்துக்கு மூச்சு முட்டும்படி. "இடம் காணாதடி" என்று முறையிட்டால், "மூண்டு சொல்லுத்தானே, நெருக்கி எழுது" என்பாய். இந்தக் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெட்டி ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் இருந்தது. அடிமட்டம் வைத்துப் போட்ட நான்கு கோடுகள். மேலே, நீ வழக்கமாகச் சுருக்கி எழுதுவது போல, "சி.மா.பி." உள்ளே ஒன்றுமில்லை.

கொப்பியை இன்று காலை உன் அம்மா நான் வேலை செய்யும் தையல்கடைக்குக் கொண்டு வந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, மீன் வாடை பிடிக்காதபடி அதற்கு மேல் ஒரு துவாயும் சுற்றியிருந்தார். தையல்கடை அக்கா கதிரையை இழுத்துப் போட்டும் அவர் இருக்கவில்லை.

"பிள்ளை, இது அவளின்ர அலுமாரிக்குள்ள கிடந்தது. எழுத்து உன்ர எழுத்துத்தானே?"

"ஓம் அன்ரி."

"வாசிச்சனான். கதையில வாற அந்தச் சுழியோடிப் பிள்ளை செத்ததோட நிக்குது. இந்தக் கதையளில செத்த ஆக்கள் திரும்பி வாறவை எண்டு என்ர மகள் சொல்லுறவள். மிச்சத்தை நீ எழுதி அவளை வரப்பண்ணு, என்ன? ஞாயிற்றுக்கிழமை மகள் போய் ஒரு வருசம், அவளுக்குப் பூசை. அதுக்கு முன்னம் எனக்கு அதை வாசிக்க வேணும்."

நான் ஓம் என்றேன். எனக்கு வேறு என்ன சொல்ல வரும்? வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டால், விடை தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். நீ பின்னாலிருந்து, "சேர், அவளுக்குத் தெரியும், வாய்தான் திறக்காது" என்று கத்துவாய். உன் அம்மா போகும்போது வாசலில் நின்று கேட்டார்: "ஏன் பிள்ளை, பிறகு நீ வீட்டுப் பக்கம் வரவே இல்லை?"

உனக்கு ஞாபகமிருக்கிறதா, இதெல்லாம் ஒரு கச்சான் கடலைச் சரையில்தான் தொடங்கியது. உங்கள் மாதா கோயில் பெருநாளுக்கு என்னைக் கூட்டிப் போயிருந்தாய். கச்சான் விற்றவர் ஏதோ பழைய படக்கதைப் புத்தகத்தைக் கிழித்துச் சரை சுற்றிக்கொண்டிருந்தார். உன் கையில் வந்த தாளில் ஒரு முகமூடிக்காரன் கூட்டாளியின் மடியில் செத்துக் கிடந்தான். சுற்றிவர மழை.

"எடியேய், இவன் செத்திட்டான்!" என்று நீ போட்ட சத்தத்தில் மாதா சுருவத்தோடு ஊர்வலம் போன சனமே திரும்பிப் பார்த்தது.

அடுத்த பக்கத்துக்காகத் திரும்பத் திரும்பக் கச்சான் வாங்கினோம். அதில் செத்தவீடு வந்தது: கறுத்தக் குடைகள், ஆளுயரச் சிலை, கொடிமரத்தில் கட்டிய அவனுடைய தோள்போர்வை. அதற்கு அடுத்த பக்கம் யாரோ ஒருவரின் கையில் இருந்தது. நீ அவர் பின்னாலேயே போய், "அண்ணை, திண்டு முடிஞ்சா பேப்பரைத் தருவியளோ?" என்று கேட்டாய். நான் மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எண்ணெய் ஊறிய அந்தத் தாளில், மூலையில் சின்னப் பெட்டி: "சில மாதங்களின் பின்". கீழே நகரம் பழையபடி சிரித்துக்கொண்டிருந்தது. செத்தவனின் உடுப்பை இன்னொருவன் போட்டிருந்தான்.

நீ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"அந்தச் சில மாதத்துக்குள்ள என்னடி நடந்தது?"

"கச்சான்காரர் கிழிச்சிருப்பார்."

"இல்லை. கிழிக்கேல்லை. கீறவே இல்லை."

பிறகு கிடைத்த எல்லாப் படக்கதையிலும் நீ அதைத்தான் தேடினாய். பழைய பேப்பர் கடையிலும் தேடினாய், உன் சித்தப்பாவின் போனிலும் தேடினாய். வீரன் செத்தால் கட்டாயம் மழை பெய்யும். "முல்லைத்தீவில எண்டா இவங்கள் மாரி வரும்வரைக்கும் சாகேலாது" என்பாய். செத்தவனின் கூட்டாளி பல்லைக் கடித்துப் பழி வாங்கப் புறப்படுவான். அடிப்பதற்கு அவர்களுக்கு யாராவது ஒருவன் இருப்பான். ஊரே சிலைக்கு முன்னால் நிற்கும். "ஆனா அவன்ர வீட்டில ஆர் இருந்தது? அவன்ர சாப்பாட்டுக் கோப்பையை என்ன செய்தவை? அதை ஒருத்தரும் கேக்கேல்லையே" என்று நீ ஒருநாள் கோபப்பட்டாய், உண்மையாகவே செத்தவன் உன் சொந்தக்காரன் என்பது போல.

ஒரு தரம் நீ சொன்னாய்: "உடம்பைக் காட்டேல்லை எண்டா ஆள் சாகேல்லை. அதுதான் சட்டம். அடுத்த புத்தகத்தில வரும்." நான் சிரிக்கவில்லை. எங்கள் பெரியம்மா இன்னும் பொட்டை அழிக்கவில்லை, காணாமல் போன பெரியப்பாவின் சேட்டுகளை வருடத்துக்கொரு தரம் வெயிலில் போட்டு எடுக்கிறார் என்பது உனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. உன் பங்குக் கச்சானை என் மடியில் கொட்டினாய்.

என் அம்மாவுக்கு இடுப்பு ஏலாமல் போக, நான் பத்தாம் வகுப்போடு நின்று முள்ளியவளையில் இந்தத் தையல்கடையில் சேர்ந்தேன். நீ விடவில்லை. சனிக்கிழமைகளில் கரையிலிருந்து சைக்கிளில் வந்து, வெட்டுத் துணிக் குவியலுக்கு மேல் சம்மணம் போட்டு இருந்து படம் கீறுவாய். பேசாத எனக்கு எல்லாருடைய பேச்சையும் எழுதும் வேலை தந்தாய். எங்கள் படக்கதையின் சுழியோடி நந்திக்கடலுக்குள் ஒரு மணித்தியாலம் மூச்சடக்குவாள். புயலில் கவிழ்ந்த வள்ளங்களைத் தோளில் சுமந்து வருவாள். அவளுக்குப் போர்வை வேண்டும் என்று நீ அடம் பிடித்தாய்.

"சைக்கிள் செயினுக்குள்ள சிக்கும்" என்றேன்.

"அவள் ஏன் சைக்கிளில போறாள்? பறப்பாள்."

"பறந்தாலும் முள்ளுக்கம்பியில கிழியும். பிறகு ஆர் தைக்கிறது?"

தையல்கடை அக்கா மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "சரி, அவளுக்கும் அளவெடுங்கோ. வளர்ற பிள்ளை எண்டா கீழ் மடிப்புக்குள்ள ரண்டு இஞ்சி துணி கூட விட்டுத் தையுங்கோ. அடுத்த வருசமும் போடலாம்."

சுழியோடியைச் சாகடிப்பது என்று நீதான் முடிவெடுத்தாய். எனக்கு விருப்பமில்லை. "உனக்கென்ன விசரா?" என்று கேட்டேன். நான் உன்னோடு கோபித்த ஒரே நாள் அதுதான். நீ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சொன்னாய்:

"திரும்பி வருவாளடி. ஆனா சும்மா வரமாட்டாள். அந்தச் சில மாதத்தைக் கீறிப்போட்டுத்தான் அவளைக் கொண்டு வருவன். தாய் என்ன செய்தா, கூட்டாளி என்ன செய்தாள், எல்லாம் கீற வேணும்."

"உனக்குத் தெரியுமோ அதெல்லாம்?"

"தெரியாது. யோசிப்பம்."

அடுத்த சனிக்கிழமை நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் விடிய உன் சித்தப்பா கடை வாசலில் சைக்கிளை ஸ்ராண்டில் போடாமலே கீழே விட்டுவிட்டு வந்தார். "வெள்ளைக் கவுன் ஒண்டு வேணும். பின்னேரம் எடுக்கிறம்" என்றார். உங்கள் சமயத்தில் கலியாணமாகாத பிள்ளை செத்தால் வெள்ளை உடுத்தித்தான் அனுப்புவார்கள் என்று எனக்கு அக்கா சொல்லித்தான் தெரியும்.

அளவுக் கொப்பியில் உன் அளவு இருந்தது. நத்தார்ப் பெருநாள் சட்டைக்கு நான்தான் எடுத்தேன். நாடா பட்டதும் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தாய். அக்கா வெட்டித் தர நான் தைத்தேன். அழவில்லை. கழுத்து, கை, இடுப்பு, எல்லாம் கை தானாகவே செய்தது. கீழ் மடிப்பைத் தைத்து முடித்து நூலைக் கடித்தபோதுதான் பார்த்தேன். உள்ளே இரண்டு இஞ்சி விட்டிருந்தேன். வளர்கிற பிள்ளைக்கு விடுகிற மாதிரி.

பிரிக்கப் போனேன். அக்கா என் கையிலிருந்து கவுனை வாங்கினார். "விடு பிள்ளை. இருக்கட்டும்" என்றார். அந்த மடிப்பின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து நெடுநேரம் அழுத்தினார்.

செத்தவீட்டில் மழை பெய்யவில்லை. பங்குனி வெயில். பாண்ட் வாத்தியக்காரர் நிழலுக்குள் ஒதுங்கி நின்றார்கள். யாரோ சோடா கொடுத்துக்கொண்டு போனார்கள். உன் அம்மா கவுனின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "அளவா இருக்கு பிள்ளை" என்றார். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தவள்தான். அதன் பிறகு உங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கமே திரும்பவில்லை. அவர் இன்னொரு தரம் அப்படிச் சொன்னால் உண்மை வாயில் வந்துவிடும் என்று பயம். அளவாக இல்லை அன்ரி, கூடத்தான் விட்டிருந்தேன் என்று.

இந்த ஒரு வருடமும் அந்த மடிப்பை என் பிழை என்றே நினைத்திருந்தேன். இன்று அந்தப் பெரிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்று தோன்றியது. நாங்கள் வாசித்த படக்கதைகளில் ஒருவருடைய கையும் தவறுவதில்லை. எல்லாரும் சரியான இடத்தில் சரியான கண்ணீரோடு நிற்கிறார்கள். செத்தவரை உயிரோடிருப்பவர் என்று நினைத்து ஒரு கை தன் பாட்டில் வேலை செய்கிறதே, அது ஒரு கட்டத்திலும் இல்லை. நீ அதைத்தான் தேடியிருக்கிறாய். உனக்குத் தெரியாது என்றாய். எனக்கு இப்போது தெரியும், ஆனால் கீறத் தெரியாது. நான் கீறும் மனிதரெல்லாம் தும்புத்தடி மாதிரி நிற்கிறார்கள் என்று நீயே சிரிப்பாய்.

சுழியோடியை ஒரு வரியில் வரவைத்துவிடலாம். "இதோ வந்துவிட்டேன் அம்மா" என்று ஒரு பேச்சு எழுதினால் போதும். உன் அம்மா அதை வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். திங்கட்கிழமை என்ன செய்வார்?

வருவாள்தான். நீ சொன்ன சொல்லை நான் மாற்றவில்லை. ஆனால் நீ சொன்ன ஒழுங்கிலேயே வரட்டும்: முதலில் அந்தச் சில மாதம், பிறகு அவள்.

மத்தியானம் அக்கா சாப்பிடப் போன பிறகு, வெட்டுமேசையில் கொப்பியை விரித்தேன். துணிக்கு வைக்கிற அடிமட்டத்தை வைத்து உன் பெரிய பெட்டியை ஆறு கட்டங்களாகப் பிரித்தேன். முதல் கட்டத்தில் ஒரு தையல் மெஷின், மெஷினில் ஒரு வெள்ளைத் துணி, முன்னால் தும்புத்தடி மாதிரி ஒருத்தி. அவளுடைய வாய்க்கு நேரே வட்டம் போட்டு, உள்ளே எழுதினேன்: "கீழ் மடிப்புக்குள்ள ரண்டு இஞ்சி விட்டிருக்கிறன்."

மற்ற ஐந்து கட்டங்களையும் உன் அம்மாவிடம் அந்த மாதங்களைக் கேட்டுத்தான் கீற வேண்டும். பென்சிலைச் சீவினேன். கொப்பியைத் துவாயில் சுற்றிக் கூடைக்குள் வைத்தேன். கடைக் கதவைச் சாத்திவிட்டு, உங்கள் வீட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன்.