ஏழு பேர், ஒரு குழாய்

மார்ச் 4, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக இடது கையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே நாலு, கீழே நாலு. நேற்று சண்டையை விலக்கப் போனபோது சின்னத்துரை பதித்த பல் முத்திரை இன்னும் நீலம் மாறவில்லை. இரண்டு வயதுகூட ஆகவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் நான் பார்த்துக்கொள்ளும் ஏழு பேரில் அவனுக்கு மட்டும் இந்தப் பட்டம். சமையல்கார அக்கா வைத்தது. "தொரைக்கு இன்னைக்கு யாரு கை சாப்பாடு?" என்று தினமும் கேட்பாள்.

மேலாளர் சிரிக்கும் நிலையில் இல்லை. "இன்னும் ஒரு குழந்தைய கடிச்சான்னா, இடமில்லன்னு சொல்லிடுவேன்."

மாலையில் அவன் அம்மா பையை வாங்கிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். "வீட்ல எறும்பக்கூட கடிச்சதில்லீங்க."

மார்ச் 5

பல் முளைக்கிறது என்று குளிரவைத்த வளையம் கொடுத்துப் பார்த்தாயிற்று. பசி என்று பதினொரு மணிக்கே வாழைப்பழம். பயனில்லை.

இன்று பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் பழைய காயக் குறிப்புகளைப் பரப்பி வைத்தேன். எல்லாம் என் கையெழுத்து. 11.40. 11.35. 3.50. மறுபடி 11.40.

கை கழுவும் நேரம்!

ஏழு பேரை ஒரே குழாய்க்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவது யார்? நான். முன்னால் நிற்பவளின் தோள் அவன் வாய்க்கு நேராக. ஆறு நிமிடம். பேருந்து வரிசையில் நாமே பல்லைக் கடித்துக்கொண்டுதான் நிற்கிறோம். இதை நானே எழுதி, நானே கோப்பில் வைத்து — படித்தவள் என்று பேர்.

மார்ச் 6

வரிசையை ஒழித்தேன். இரண்டிரண்டு பேராகக் குழாய்க்கு. மற்றவர்களுக்குப் பாயில் பாட்டு. கூட வேலை பார்க்கும் தங்கச்சி முணுமுணுத்தாள்: "சோறு ஆறிடும்க்கா." அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "ஆறட்டும்டி. சூடா போட்டா மட்டும் தின்னுடுதுங்களா?"

யாராவது நெருக்கினால் உள்ளங்கையை நீட்டி "போ" சொல்ல அவனுக்குப் பழக்குகிறோம். சிரிக்கிறான். சொல்வதில்லை.

மார்ச் 12

கடி இல்லை.

மார்ச் 19, புதன்

தங்கச்சி விடுப்பு. மாற்றாக வந்த பெண்ணிடம் சொல்ல மறந்துவிட்டேன். நான் ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றுகிறேன். அதற்குள் அவள் மற்ற ஆறு பேரையும் வரிசையில் நிறுத்திவிட்டாள். மேசைமேல் இருக்கும் குழந்தையை விட்டு நகர முடியாது. சுருட்டைமுடிக்காரி பின்னால் சாய்ந்து அவன்மேல் விழுகிறாள். அவன் வாய் திறக்கிறது. ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு —

உள்ளங்கை நீண்டது. "போ!"

அவள் நகர்ந்தாள்.

ஒரே ஓர் எழுத்து. கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்றுகூட எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

மார்ச் 21, வெள்ளி

அவன் அம்மா: "வீட்ல எல்லாரையும் போ போங்கறான்ங்க. மாமியாரையும் சேர்த்து!" இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேலாளருக்கும் முகம் தெளிந்துவிட்டது. "தொர தப்பிச்சான். அடுத்த மாசம் பெரிய பிள்ளைங்க ரூமுக்கு அனுப்பிடலாம்."

மதியம் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். பதினைந்து பேர், ஒரே குழாய், வாசல்வரை வரிசை. நடுவில் ஒருத்தி தன் சட்டைக் காலரையே கடித்துக்கொண்டு நின்றாள்.

பதினொரு வருடமாகச் சின்ன அறையை விட்டு நகரமாட்டேன் என்றவள் நான். திங்கட்கிழமை நானாகவே மேலாளரிடம் போய், என்னையும் பெரிய அறைக்கு மாற்றச் சொல்லிக் கேட்கப் போகிறேன். வீட்டில் அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.