சோதித்துப் பார்க்க ஆளில்லை

சாலவாக்கம்
4 ஜூன் 2023

என் தீபாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? ஹெல்சிங்கியில் இப்போதாவது வெயில் அடிக்கிறதா? இங்கே கத்தரி முடிந்தும் அனல் குறையவில்லை. காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் ஒரு தொந்தரவு தருகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் சுற்றுவட்டார ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கிறோம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? ஊருக்கு ஒரு பெட்டி. எல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள்தான். நிறையப் பேர் சேர்ந்து பார்த்தால் உள்ளே இருக்கும் நெட்வொர்க் சிப் உறைந்துவிடுகிறது. யாராவது போய் அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். நேற்று எங்களிடம் இன்டர்நெட் வாங்கும் சிட்டம்மாள் வாசலில் வந்து நின்றார். “இன்னாமே இது, புள்ள மஸ்கட்டுலேர்ந்து பேசிக்கினு இருந்தான், மூஞ்சி அப்டியே நின்னு பூட்ச்சி. ஒரே பேஜாரா கீது” என்றார்.

அந்தச் சிப்பை இயக்கும் டிரைவர் என்ற நிரலைப் படித்துப் பார்த்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சிப் இடையிடையே தூங்குகிறது, திடீரென்று கூட்டம் சேர்ந்தால் எழத் தெரியவில்லை. தூங்காதே என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகு உறையவே இல்லை. ஆனால் ஒவ்வொரு அப்டேட்டும் என் வரியை அழித்துவிடுகிறது. மறுபடி ஊர் ஊராக ஓடுகிறேன். கெர்னல் என்கிற மூல நிரலிலேயே சேர்த்துவிட்டால் எல்லா அப்டேட்டிலும் இருக்குமாமே? இந்த டிரைவருக்குப் பொறுப்பு யார் என்று தேடினால் உன் பெயர்! யாருக்கு, எப்படி அனுப்புவது?

உன்
ரேணுகா

ஹெல்சிங்கி
6 ஜூன் 2023

ரேணு,

உன் மின்கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த டிரைவரை மனிதர்கள் யாரும் பயன்படுத்துகிறார்களா என்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. சாலவாக்கத்தில் ஓடுகிறதாம்!

எனக்குத் தனியாக அனுப்பாதே. கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லாரும் பார்க்கும் மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பு. அங்கே யார் வேண்டுமானாலும் குறை சொல்வார்கள், நானும் சொல்வேன். அங்கே நான் உன் தோழியாகப் பேச முடியாது. கோபித்துக்கொள்ளாதே. சிப் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது, அதன் விவரக் கையேடும் எவரிடமும் இல்லை. அதனால் நீ கண்டதை அப்படியே எழுது.

உன் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணன் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்
தீபலட்சுமி

சாலவாக்கம்
19 ஜூலை 2023

தீபா,

சேர்த்துவிட்டாய்! முதல் தடவை மெயிலில் போனபோது நிரலின் இடைவெளிகளெல்லாம் கலைந்து தொலைந்தன. அடுத்த தடவை ஒருவர், “என்ன செய்தாய் என்பது தெரிகிறது, ஏன் என்று எழுது” என்றார். நீ “விளக்கம் போதாது” என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டாய். இன்று “ஏற்கப்பட்டது” என்று பார்த்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார்.

“இன்னா போட்டுகீது?”

“எம் பேரு போட்டுகீது.”

“அது தெரியுது. இனிமே நீ பொட்டி பொட்டியா ஓட வேணாம் இல்ல?”

“வேணாம்.”

நேரே உத்திரமேரூர் போய் ஜாங்கிரி வாங்கி வந்தார். உனக்கும் சேர்த்து நானே தின்றேன்.

ரேணுகா

ஹெல்சிங்கி
30 அக்டோபர் 2023

ரேணு,

பட்டியலில் பார்த்திருப்பாய். உன் மாற்றத்தை நான் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டேன்.

அதே சிப்பைக் கம்பெனி மூடுவதற்கு முன் சற்று மாற்றியும் செய்திருக்கிறது. நீ சேர்த்த வரி அந்தப் புதிய சிப்பில் இணைப்பையே அணைத்துவிடுகிறது. பிரேசிலில் ஒரு நூலகத்தில் எல்லாக் கணினிகளும் நின்றுவிட்டன. அந்த நூலகர் எழுதியிருந்ததைப் படித்தபோது சிட்டம்மாள்தான் நினைவுக்கு வந்தார். இரண்டு சிப்பும் ஒரே அடையாள எண்ணைச் சொல்கின்றன. எது எது என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்களுடையதை நிறுத்தும் மாற்றம் எதற்காக வந்திருந்தாலும் இருக்கக் கூடாது. இது எங்கள் விதி. அதை வைத்தவள் நான் இல்லை, ஆனால் சரியான விதி.

தீபா

சாலவாக்கம்
2 நவம்பர் 2023

தீபா,

விதி புரிகிறது. நானே அந்த இடத்தில் இருந்தாலும் நீக்கியிருப்பேன். ஆனால் பட்டியலில் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? போன் நம்பர் இருக்கிறதே.

அவர் கேட்டார்: “அப்போ அவங்களுக்கு ஓடினா நமக்கு ஓடாது, நமக்கு ஓடினா அவங்களுக்கு ஓடாதா?” ஆமாம் என்றேன். “யாரு மேலயும் தப்பு இல்லியா?” என்றார். இல்லை என்றேன். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பழையபடி நானே பெட்டி பெட்டியாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

ரேணுகா

சாலவாக்கம்
21 ஜனவரி 2024

தீபா,

நீ அனுப்பிய மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. டெங்கு வந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்த நேரம் பார்த்து அப்டேட் வந்தது. என் வரி அழிந்து எல்லா ஊரும் நின்றுவிட்டது. அவருக்கு ஒயரும் ஏணியும் தெரியும், நிரல் தெரியாது. படுக்கையில் இருந்தபடி போனில் சொன்னேன். ஜுரத்தில் நான் என்ன உளறினேனோ, இருந்ததும் போயிற்று.

நான் திரும்பி வருவதற்குள் பாதி வீட்டில் பெரிய கம்பெனி ஒயர் இழுத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொங்கலோடு மூடிவிட்டோம். அவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறார், ஷிப்டு. சிட்டம்மாள் வந்து, “நல்லா வருதுமே இப்போ” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

உன்மேல் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ரேணுகா

ஹெல்சிங்கி
9 மார்ச் 2024

ரேணு, ரேணு,

வழி கிடைத்துவிட்டது! அந்த பிரேசில் நூலகர் தம்மிடமிருந்த சிப்பிலிருந்து விவரம் எடுத்து அனுப்பினார். சிப்புக்குள் ஒரு மூலையில் யாரும் படிக்காத ஓர் இடத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கக்கூடும். அதைப் பார்த்துப் பிரிக்கும்படி உன் மாற்றத்தைத் திருத்தி எழுதியிருக்கிறேன். எழுதியவர் என்று உன் பெயரே இருக்கிறது. புதிய சிப்பில் அவர் சோதித்துவிட்டார். பழைய சிப்பில் ஒருவர் ஓட்டிப் பார்த்து “சோதித்தவர்” என்று பெயர் கொடுத்தால் போதும், மறுபடி சேர்த்துவிடலாம். உன்னைத் தவிர பழைய சிப் உள்ளவர் எவரும் என் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு பெட்டியை ஓட்டிப் பார்ப்பாயா?

தீபா

சாலவாக்கம்
10 மார்ச் 2024

தீபா,

பெட்டிகள் எல்லாவற்றையும் போன வாரம் வாலாஜாபாத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டோம். இன்று காலை அவர் வேலைக்குப் போகாமல் அங்கே போய்க் கேட்டார். உடைத்தாயிற்றாம்.

சோதிக்காமல் பெயர் கொடுக்கச் சொல்லாதே. நீ சொல்ல மாட்டாய், தெரியும். நானும் கொடுக்க மாட்டேன்.

ரேணுகா

ஹெல்சிங்கி
28 செப்டம்பர் 2024

அன்பு ரேணு,

பழைய சிப் உள்ள ஒருவரையாவது கண்டுபிடிக்க இத்தனை மாதம் காத்திருந்தேன். பட்டியலில் கேட்டேன், தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். யாரும் இல்லை. சோதிக்க ஆளில்லாத நிரலை வைத்திருக்கக் கூடாது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். என்னிடம் மறுப்பு இல்லை.

பழைய சிப்புக்கான பகுதியை முழுதாக நீக்கும் மாற்றத்தை நாளை நானே அனுப்புகிறேன். இந்த முறை முன்னாலேயே சொல்லிவிட்டேன். அந்தக் கோப்பில் யார் எப்போது கைவைத்திருந்தாலும் அவர்களுக்குத் தானாக ஒரு பிரதி போய்விடும். எனவே உனக்கும் வரும். “ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும்” என்று கீழே எழுதியிருக்கும். எல்லாருக்கும் எழுதுவதுதான்.

ஆட்சேபம் இருந்தால் எழுது, ரேணு. எனக்கு எழுது. அதை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் எழுது.

தீபா